நாடு வளர்கிறதாம், எங்கள் வீட்டில் கடன்தான் வளர்கிறது. எதை முதலில் கட்டுவது?

நீர்வேலி_வாழை எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. டைல்ஸும் சீமெந்தும் லொறி லொறியாக இறங்குகிறது, இறங்கிய வேகத்திலேயே போகிறது. ஹோட்டல் கட்டுகிறார்கள், மண்டபம் கட்டுகிறார்கள், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் மாடி எழுப்புகிறார்கள். 2024இல் நாடு 5 வீதம் வளர்ந்தது என்று செய்தியிலும் சொன்னார்கள். நல்லது, வளரட்டும். என் சம்பளம் எழுபதாயிரம், மனைவி வீட்டில் தைக்கிறா, மாதம் முடிய கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கடன் விபரம் இது. மோட்டார் சைக்கிள் லீசிங், ஐந்து லட்சம் எடுத்தது, மாதம் 16,250, நாற்பத்தெட்டு மாதத்தில் இன்னும் பதினான்கு இருக்கிறது. மனைவியின் காப்பும் சங்கிலியும் வங்கியில் அடைவில் (அடகில்), இரண்டு அடைவுத் துண்டு (ரசீது), அதில் ஒன்று 180,000. போன வருடம் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஊரில் ஒருவரிடம் வாங்கிய ஒரு லட்சம் கைமாற்று, நூற்றுக்கு ஐந்து வட்டி.

இப்போது கனடாவில் இருக்கிற மச்சான் இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். மனைவி நகையை மீட்போம் என்கிறா. எனக்கு லீசிங்கை முடித்தால் மாதம் பதினாறாயிரம் மிஞ்சுமே என்று நினைப்பு. இதனால் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை குறைவு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லீசிங்காரன் எழுதியது:

தம்பி, இரண்டும் இல்லை. கைமாற்றை அடையுங்கள். நூற்றுக்கு ஐந்து என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் கேட்கும், அது மாதத்துக்கு ஐந்து, வருடத்துக்கு அறுபது. ஒவ்வொரு மாதமும் ஐயாயிரம் கொடுத்தும் முதல் ஒரு சதம்கூடக் குறையாமல் அப்படியே நிற்கிறது.

லீசிங் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் அந்த வேலையில்தான் சில வருடம் இருந்தேன். உங்களுக்கு 14 வீதம் என்று சொல்லியிருப்பார்கள், கணக்கு அதோடு ஒத்துப் போகிறது. ஐந்து லட்சத்துக்கு வருடம் எழுபதாயிரம், நாலு வருடம் 280,000, மொத்தம் 780,000, அதை 48ஆல் பிரித்தால் உங்கள் 16,250. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஐந்து லட்சத்துக்கும் போட்டபடி. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 24 வீதத்துக்குக் கிட்ட வரும். கையெழுத்து வைக்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை, கேட்கிறவர்களும் குறைவு. எல்லோரும் கேட்பது மாதம் எவ்வளவு என்பதைத்தான்.

ஆனால் இந்த வட்டியின் பெரும்பகுதியை முதல் இரண்டு வருடத்திலேயே எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சியிருப்பது 227,500. இன்று முடித்தால் மிச்சம் பிடிப்பது என் கணக்குக்கு இருபத்தைந்து முப்பதாயிரத்துக்குள்தான், அதிலும் முன்கூட்டி முடிப்பதற்கென்று ஏதாவது கட்டணம் போட்டால் இன்னும் குறையும். அதே பதினான்கு மாதத்தில் கைமாற்றுக்கு எழுபதாயிரம் வட்டி போகும். வேண்டுமென்றால் இன்றைக்கு முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஆனால் மச்சானின் காசு அதற்கில்லை.

கோப்பாய்_அக்கா எழுதியது:

தம்பி, லீசிங்கார அண்ணா சொன்ன கணக்குச் சரி. ஆனால் உங்கள் மனைவி ஏன் நகை என்கிறா என்றும் யோசியுங்கள். கழுத்தில் காதில் ஒன்றும் இல்லாமல் கோயில் திருவிழாவுக்கும் சாமத்தியவீட்டுக்கும் போய் வருகிறவ அவதான், நீங்கள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள். கைமாற்றுக்குப் போக மிஞ்சும் ஒரு லட்சத்தை அந்த 180,000 துண்டின் முதலில் கட்டி, மிச்சத்துக்குப் புதுத் துண்டு போடச் சொல்லலாம், வட்டியும் குறையும், அவவுக்கும் மனம் ஆறும். அடைவு வட்டி வருடக் கணக்குத்தான், நூற்றுக்கு ஐந்து மாதிரி உயிரை எடுக்காது.

ஒன்று மட்டும் கவனம். பவுண் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டதால் பழைய துண்டைக் கொண்டு போனால், இதே நகைக்கு இன்னும் கூடத் தரலாம் அக்கா, எடுங்கோ என்று அடைவு பிடிக்கிறவர்களே சொல்கிறார்கள். வாங்காதீர்கள். யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு இதே கூத்தைப் பார்த்தோம். சந்திக்குச் சந்தி வங்கி, லீசிங், அடைவு. நாடு 8 வீதத்துக்கு மேல் வளருது என்றார்கள், நாங்களும் உச்ச விலைக்கு நகையை வைத்து வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம். 2013 ஏப்ரலில் பவுண் விழுந்தபோது மீட்கிற காசு நகையின் விலையைவிடக் கூடிப் போய், எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பேர் நகையை ஏலத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பிறகு குழுக்கடன் வந்தது. ஐந்து பெண்கள், ஒருவருக்கொருவர் பிணை. தவணை வாங்க வருகிறவர்கள் கிழமைக்குக் கிழமை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரையும் எழும்ப விடமாட்டார்கள், பொழுதுபட்டாலும். நிறுவனத்தின் பேர் வேண்டாம். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, அதற்குள் வராதவர்கள் கட்டித்தான் முடித்தார்கள். அதனால் இப்போது யாராவது வீட்டுக்கு வந்து, நகை வேண்டாம், பிணை வேண்டாம், அடையாள அட்டை போதும் என்றால் நான் படலையைச் சாத்திவிடுவேன்.

செலவைக் குறைக்க என் பங்கு: காஸ் அடுப்பை தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் வைத்துவிட்டு, சோறும் பருப்பும் விறகடுப்பில். காணியில் பனை இருந்தால் பன்னாடை, கொக்காரை என்று காய்ந்து விழுகிறதெல்லாம் சும்மா கிடக்கிறது. பொறுக்கி மழைக்கு முதல் கொட்டிலில் அடுக்கினால் மாரி முழுக்கக் காணும்.

சுன்னாகம்_சந்தை எழுதியது:

அடுப்புக் கதை எல்லாம் சரி அக்கா, ஆனால் சிக்கனம் பிடித்து எவ்வளவு மிஞ்சும்? பிரச்சினை வரவில்தான். நாட்டின் வளர்ச்சி எங்களிடம் வந்து சேர்வது கடன் கொடுக்க ஆள் வருவதாகத்தான். வெங்காயம் போடுகிறவனிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல விலை போகிற வருடத்தில் லாண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கடனுக்கு எடுக்கச் சொல்லி ஆள் வருவார்கள், அடுத்த போகம் விலை இறங்கும்போது தவணை இறங்குமா? நீர்வேலித் தம்பி, கடையில் இவ்வளவு வியாபாரம் என்றால் முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். யாரும் அதைச் சொல்லவில்லையே.

ரியூசன்_வாத்தி எழுதியது:

சுன்னாகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்கப் போகும்போது இதையும் கொண்டு போங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். 2024 செப்டெம்பரில் இருந்து கொஞ்சக் காலம் பூச்சியத்துக்கும் கீழே போனது. அதைக் கேட்டுவிட்டு முதலாளிமார், சாமான் விலை இறங்கிவிட்டதே என்பார்கள். போன வருட விலையோடு பார்த்தால்தான் அது இறக்கம், 2021இல் இருந்த விலைக்கு அரிசியும் திரும்பவில்லை, மாவும் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15இல் இருந்து 18 ஆனபோது காஸும் பெற்றோலும் அதற்குள் வந்தன. ஆகவே உங்கள் எழுபதாயிரத்தை 2021இல் வாங்கிய சம்பளத்தோடு வைத்து, சாமான் விலை ஏறிய அளவுக்கு அதுவும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், யாருக்காவது பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறீர்களா? மற்றவன் கட்டாமல் விட்டாலும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் உங்கள் பேரும் நிற்கும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

நீர்வேலி_வாழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், சேர்ட் கதைக்குச் சிரித்துவிட்டு, பார்த்தீர்களா என்றா. கைமாற்றுத்தான் முதல், மிச்சம் அடைவுத் துண்டுக்கு. சம்பளத்தைப் பொங்கலுக்கு முதல் கேட்கப் பார்க்கிறேன், கேட்டால் என்ன சொல்வார் என்று இப்பவே தெரியும், இருந்தாலும். இன்னொன்று, அந்த ஒரு லட்சத்துக்கு நான் முத்திரை ஒட்டி எழுதிக் கொடுத்ததோடு கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலையும் ஒன்று கொடுத்திருக்கிறேன். அதற்கு என்ன செய்வது?

பழைய_லீசிங்காரன் எழுதியது:

காசு கொடுக்கும்போது தனியாகப் போகாதீர்கள், ஊரில் அவருக்கும் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசோலையும் எழுதிய துண்டும் மேசையில் வந்த பிறகு எண்ணிக் கொடுங்கள். தேடிப் பார்த்துத் தருகிறேன் என்றால், தேடி எடுங்கோ அண்ணை, நாளைக்கு வருகிறேன் என்று காசோடு திரும்பி வாருங்கள். அது தொலைந்துவிட்டது என்று சொன்னால், முழுக்கக் கட்டி முடிந்தது என்று காசோலை இலக்கத்தையும் போட்டு அவர் கையால் எழுதி வாங்கி, அன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தக் காசோலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.