டார்ட் தவளைத் தொட்டி மாதிரி பின்சுவர் செய்யிறது எப்பிடி?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். ரொறன்ரோவில இருக்கிற மச்சான் டார்ட் தவளை (சின்ன, பளிச்செண்ட நிறமுள்ள காட்டுத் தவளை) வளர்க்கிறான், அவன்ர தொட்டியில பின்பக்கம் அப்பிடியே காட்டு மண்சுவர் மாதிரிக் கிடக்கு, பாத்ததிலயிருந்து எனக்கும் ஒண்டு செய்யோணும் எண்டு ஆசை. தவளை வேண்டாம், செடி மட்டும் போதும். 2 அடி கண்ணாடித் தொட்டி இருக்கு. என்னத்தால செய்யிறது?

பதில் 1:
தம்பி, தொட்டியை மல்லாக்கப் படுக்க வைச்சு பின்பக்கக் கண்ணாடியில ஸ்பிரே ஃபோம் (டப்பாவில வாற, காய்ஞ்சா இறுகிற நுரை) அடியுங்கோ, அது ஊதிப் பெருக்கும், அதால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கிறதுதான் நல்லது. அழகுக்கு வைக்கிற மரக்கட்டையை ஃபோம் ஈரமா இருக்கேக்கயே அதில அமத்தி வையுங்கோ. ஒரு நாள் காயவிட்டு கத்தியால செதுக்கி, கறுப்பு சிலிக்கன் பூசி உடன காய்ஞ்ச தும்புத்தூளை அள்ளிப் போட்டு அமத்துங்கோ, சிலிக்கன் தோல் பிடிச்சா பிறகு ஒட்டாது. சிலிக்கன்ர புளிச்ச மணம் முழுக்கப் போகுமட்டும் செடி வைக்காதேங்கோ. ஃபோம் விலை எண்டா ரெஜிபோமை (தெர்மாகோல்) வெட்டி ஒட்டினாலும் சரி.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி, ஆனா எங்கட வெயிலையும் யோசியுங்கோ. அந்தத் தவளையளுக்கே 22–26 பாகைதான் சுகம், வன்னியில சித்திரையில 35 தாண்டும். நுவரெலியாப் பாசி எல்லாம் கருகிடும். மணிபிளாண்டும் கிணத்துக்கட்டில முளைக்கிற பன்னமும் (ஃபேர்ன் செடி) போதும். அடியில சல்லிக்கல் போட்டு, மேல வலை வைச்சு மண் போடுங்கோ, இல்லாட்டி வேர் அழுகும்.

கேட்டவர்:
நன்றி அண்ணையாக்கள். குளக்கரையில ஒதுங்கின பாலைக் கட்டை வைக்கலாமோ?

பதில் 1:
வைக்கலாம், அவிச்சுக் காயவிட்டு வையுங்கோ. கறையான் இருக்கோ எண்டும் பாருங்கோ.