பெரியப்பா அனுப்பிய குரல்பதிவு

பெரியப்பா: [குரல்பதிவு, பலமுறை பகிரப்பட்டது]

பெரியப்பா: எல்லோரும் முழுசாகக் கேளுங்கள். குடிநீரில் எதையோ கலக்கிறார்களாம். ஒரு டாக்டர் அழுதுகொண்டே சொல்கிறார்.

அத்தை: ஐயோ அண்ணா, கேட்டதும் கையே நடுங்குகிறது. யார் கலக்கிறார்கள்?

பெரியப்பா: வேறு யார், அந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

சித்தப்பா: அண்ணா, இதே அழுகை என் ஆபீஸ் குழுவிலும் வந்தது. ஆனால் அதில் கலப்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள்.

அத்தை: அது எப்படி?

நான்: ஒரே ஆள் இரண்டு பக்கமும் கொளுத்திப் போடலாம் அத்தை. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அதே நேரம், அதே இடத்தில் மையத்துக்கு ஆதரவாகவும் ஒரு கூட்டம். இரண்டுக்கும் ஆள் கூப்பிட்டவை இரண்டு ஃபேஸ்புக் பக்கங்கள். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். விளம்பரத்துக்கு ஆன செலவு சுமார் 200 டாலர். நேரில் வந்து கத்தியவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்.

சித்தப்பா: இருநூறு டாலருக்கு ஒரு தெருச்சண்டை!

பெரியப்பா: அது அரசியல். இது தண்ணீர் விஷயம். அப்புறம், நான் ஒன்றும் நம்பிவிடவில்லை. பொய்யாகவே இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டுமே என்றுதான் போட்டேன்.

நான்: அங்கேதான் சிக்கல் பெரியப்பா. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மை போலத் தோன்றும் என்று 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு நம்ப மாட்டீர்கள். நாலாவது தடவை வரும்போது 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். அது போதும்.

மது: எய்ட்ஸ் கதையைச் சொல்லேன்.

நான்: ஆமாம். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் தயாரித்தது என்று 1983 ஜூலையில் தில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, 'பிரபல அமெரிக்க விஞ்ஞானி' என்று மட்டும். 1985-இல் ஒரு சோவியத் வார இதழ் அந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை போட்டது. பிறகு நாடு நாடாகப் பரவியது. கிளப்பிவிட்டது சோவியத் உளவுத்துறை. 1992-இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவே ஒப்புக்கொண்டார். இன்னும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பா: இந்தப் பதிவிலும் டாக்டர் பெயர் இல்லைதான்.

சித்தப்பா: ஊர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. எந்த வருஷமும் அனுப்பலாம் 😀

அத்தை: இதையெல்லாம் மெஷின்தானே பரப்புகிறது? டிவியில் சொன்னார்களே.

மது: ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஓர் ஆய்வு 2018-இல் வந்தது அத்தை. உண்மையைவிடப் பொய்யை மறுபடி பகிரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். ஆள் இல்லாமல் தானாக இயங்கும் மெஷின் கணக்குகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. பொய்க்குக் கூடுதல் கால் முளைத்தது நம்மைப் போன்ற மனிதர்களால்தான்.

நான்: இப்படி மக்கள் மனதைக் குறிவைத்துக் குழப்புவதற்கு ராணுவக்காரர்கள் அறிதிறன் போர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிசு. ஒரு பொய்யை நாம் நம்பியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. எதைக் கேட்டாலும் சந்தேகம், யாரைப் பார்த்தாலும் கோபம் என்று ஆகிவிட்டால் கிளப்பிவிடுகிறவர்கள் வேலை முடிந்தது. நாளைக்கு நிஜமாகவே தண்ணீர் கெட்டுப்போய், குடிக்காதீர்கள் என்று அறிவித்தால் அதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அத்தை: அண்ணா, எடுத்துவிடுங்களேன்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இங்கே எடுத்துவிட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் குழுவில் திங்கட்கிழமையே போட்டேன். அங்கே 'எல்லோருக்கும் நீக்கு' என்பதே வரவில்லை.

மது: நாள் தாண்டிவிட்டால் வராது பெரியப்பா. அதற்குக் கீழேயே 'இது தவறு, நான் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன்' என்று எழுதிவிடுங்கள்.

பெரியப்பா: சரி.

பெரியப்பா: எழுதினேன். 'உங்களை யார் விலைக்கு வாங்கியது' என்று மூன்று பேர் சண்டைக்கு வருகிறார்கள்.