சியாட்டிக் நரம்பில் செல் உடலம் ஒன்றுகூடத் தெரியவில்லையே, ஏன்?

முதலாண்டு மாணவி:
சைட்டான் (செல் உடலம்), டென்டிரைட் (குறுங்கிளைகள்), ஆக்சான் (நீண்ட இழை) என்று நியூரானின், அதாவது நரம்பு செல்லின், பாகங்களை வரைந்து குறிக்க எனக்குத் தெரியும். ஆனால் இடுப்பிலிருந்து காலுக்குச் செல்லும் சியாட்டிக் நரம்பின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆக்சான்களும் அவற்றைச் சூழ்ந்த மயலின் உறைகளும்தான் வட்டவட்டமாகத் தெரிந்தன. ஆங்காங்கே காணப்பட்ட உட்கருக்கள் பெரும்பாலும் அந்த உறையை உருவாக்கும் ஷ்வான் செல்களுடையவை என்றார்கள். அப்படியானால் சைட்டான்கள் எங்கே இருக்கின்றன? மூளையிலும் தண்டுவடத்திலும் என்று ஒரு குறிப்பிலும், கேங்லியான்களில் என்று மற்றொன்றிலும் படித்தேன். இவற்றில் எது சரி?

உடற்கூறியல் ஆசிரியர்:
இரண்டும் சரிதான், எந்த நியூரானைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். நரம்பு என்பது ஆக்சான்களின் கட்டு. அந்த ஆக்சான்களுக்கு உரிய சைட்டான்கள் வேறிடத்தில் கூட்டமாக அமைந்துள்ளன. அக்கூட்டம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே இருந்தால் நியூக்ளியஸ் என்றும், வெளியே இருந்தால் கேங்லியான் என்றும் அழைக்கிறோம். பெருமூளையிலும் சிறுமூளையிலும் மட்டும் அவை மேற்பரப்பில் புறணியாகவும் விரிந்திருக்கின்றன.

நீங்கள் பார்த்த சியாட்டிக் நரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதத் தசைகளை இயக்கும் ஆக்சான்களின் சைட்டான்கள் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியில், முன்கொம்பு எனப்படும் முன்பக்கத்தில் உள்ளன. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுவதால், காலுக்கு உரிய அந்தச் சைட்டான்கள் இடுப்புக்கு மேலே, மார்பு முள்ளெலும்புகளின் கடைசி வரிசையை ஒட்டி இருக்கின்றன. பாதத்தின் தொடுவுணர்வையும் வலியையும் கொண்டுவரும் இழைகளின் சைட்டான்களோ தண்டுவடத்துக்கு வெளியே, பின்வேர் கேங்லியான்களில் உள்ளன. வியர்வைச் சுரப்பிகளுக்கும் இரத்தக்குழாய்களுக்கும் செல்லும் பரிவு நரம்பிழைகளின் சைட்டான்கள், முதுகெலும்பின் பக்கவாட்டில் சங்கிலிபோல் அமைந்த கேங்லியான்களில் இருக்கின்றன. ஒரே நரம்பில் அடுத்தடுத்து ஓடும் இழைகளுக்கு மூன்று தாயகங்கள்! பாடப்படத்தில் சைட்டானும் ஆக்சானும் ஒரு விரல் நீளத்துக்குள் வரையப்படுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். உண்மையில் பாதத்துக்குச் செல்லும் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கலாம்.

நரம்பியல் மருத்துவர்:
இந்த இருப்பிட வேறுபாட்டை நோய்களும் காட்டித் தருகின்றன. போலியோ வைரஸ் முன்கொம்புச் செல்களை அழிப்பதால் தசை செயலிழக்கிறது. ஆனால் தொடுவுணர்வு பொதுவாகக் கெடுவதில்லை. சின்னம்மை வைரஸோ உணர்வுக் கேங்லியான்களில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு, பின்னாளில் அக்கியாக எழுகிறது. ஒரு கேங்லியானுக்கு உரிய தோல்பட்டையில் மட்டும், பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளங்கள் தோன்றுவது இதனால்தான்.

நரம்பு வெட்டுப்பட்டால், சைட்டானிலிருந்து துண்டிக்கப்பட்ட பகுதி சிதைந்துவிடும். சைட்டான் பிழைத்திருந்தால் அதனோடு இணைந்த முனையிலிருந்து ஆக்சான் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடும். சைட்டானே இறந்துவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

முதலாண்டு மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் இயக்க நியூரான்களின் சைட்டான்கள் எப்போதும் உள்ளேயும், உணர்வு நியூரான்களுடையவை எப்போதும் வெளியேயும் இருக்கும் என்று எழுதலாமா?

உடற்கூறியல் ஆசிரியர்:
"எப்போதும்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மெல்லும் தசைகள் எவ்வளவு இழுபட்டுள்ளன என்பதைத் தெரிவிக்கும் உணர்வு நியூரான்களின் சைட்டான்கள் கேங்லியானில் இல்லாமல், நடுமூளையை ஒட்டிய ஒரு நியூக்ளியஸில் இருக்கின்றன. உள்ளுறுப்புகளைத் தானாகக் கட்டுப்படுத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்திலோ வெளிச்செல்லும் பாதையில் இரண்டு நியூரான்கள் தொடர்ந்து வருகின்றன. முதலாவதின் சைட்டான் மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ இருக்கும், இரண்டாவதின் சைட்டான் வெளியே இருக்கும். குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான சைட்டான்கள் இரண்டு வலைப்பின்னல்களாகப் பரந்துள்ளன. அவற்றில் உணர்வு நியூரான்களும் இயக்க நியூரான்களும் கலந்தே இருக்கின்றன.

தேர்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். "பேசல் கேங்லியா" என்பது பழைய வழக்கில் நிலைத்துவிட்ட பெயர். அவை பெருமூளைக்குள் ஆழத்தில் இருப்பதால், இன்றைய வரையறைப்படி நியூக்ளியஸ்களே.