மலைச்சரிவில் மான் வேட்டை: எட்டரை மணிக்கு மேல் எல்லா மானும் மோப்பம் பிடித்து ஓடிவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
பென்சில்வேனியாவில் வெல்ஸ்பரோ பக்கம், பைன் கிரீக் பள்ளத்தாக்கை ஒட்டிய அரசு வனத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். போன வருடம் சமவெளியில் ஒரு சோளக்காட்டு ஓரம் உட்கார்ந்து முதல் நாளே ஒரு மான் எடுத்தேன். இங்கே நிலைமையே வேறு, பள்ளத்தாக்கு சில இடங்களில் 1,400 அடி ஆழம். விடியும் முன்பே கிழக்கு நோக்கிய சரிவின் பாதிவரை இறங்கி ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறேன். எட்டு மணி வரை அமைதி, எட்டரைக்கு மேல் எனக்குப் பின்னால், மேலேயிருந்து ‘ஃபூ’ என்று ஒரு சீறல், திரும்பினால் தூக்கிய வெள்ளை வால் முகட்டைத் தாண்டுவது மட்டும்தான் தெரியும். மூன்று நாளும் இதே கதை. வானிலைச் செயலி மெல்லிய மேற்குக் காற்று என்கிறது, அப்படியென்றால் என் வாடை கீழேதானே போக வேண்டும்?

இன்னொன்று. வியாழக்கிழமை எனக்குக் கீழே 150 கஜத்தில் நின்ற ஆண் மானைச் சுட்டேன், விழவில்லை. இரண்டு மணி நேரம் தேடினேன், ரத்தமும் இல்லை, ஒரு முடிகூட இல்லை. அந்த மான் எங்காவது அடிபட்டுக் கிடக்குமோ என்று இரண்டு இரவு தூக்கம் இல்லை.

பதில் 1:
தம்பி, மலையில் செயலி சொல்லும் காற்றை நம்பாதே. இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே ஓடைக்கு இறங்கும், அதனால் விடிகாலையில் உன் வாடையும் கீழே போகும். கிழக்குச் சரிவில்தான் வெயில் முதலில் படும். தரை சூடானதும் காற்று மேலே ஏற ஆரம்பிக்கும், மேற்குக் காற்று மெல்லியதாக இருந்தால் இது அதை வென்றுவிடும். உன் எட்டரை மணிக் கணக்கு அதுதான்.

மானுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று மறைவுப் பக்கத்தில், முகட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே படுக்கும். முகட்டுக்கு அந்தப் பக்கத்து வாடை பின்னாலிருந்து வரும், கீழே நடப்பதைக் கண் பார்க்கும், வெயில் ஏறினால் கீழிருந்து வாடையும் வரும். நீ போய் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாய்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மில்க்வீட் காய் ஒன்று பறித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் எருக்குக்கு உறவுதான் அது, உள்ளே அதே பட்டுப்பஞ்சு. கால் மணிக்கு ஒரு இழை ஊதி விடுங்கள். காற்றுப் பார்க்கத் தூவும் மாவு நாலடியில் மறைந்துவிடும், பஞ்சு ஐம்பது அறுபது கஜம் கண்ணுக்குத் தெரியும், எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது எல்லாம் காட்டும்.

உட்காரும் இடம்: படுக்கைக்குக் கீழும் வேண்டாம், நேர் மேலே முகட்டிலும் வேண்டாம், மேற்குக் காற்று உங்கள் வாடையை அதன்மேல் கொட்டிவிடும். அதே உயரத்தில் பக்கவாட்டில் தள்ளி உட்காருங்கள். மான் சரிவில் நேராக ஏறி இறங்குவது குறைவு, குறுக்கேதான் நடக்கும். சரிவின் நடுவே படிபோலத் தட்டையாக ஓர் இடம் நீண்டு போகும் பாருங்கள், அங்கே தடம் இருக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே முகடு தாழும் இடத்தையும் விடாதீர்கள்.

பதில் 3:
குறி தவறியதைப் பற்றி. கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு எவ்வளவு தாழும் என்பதற்குக் கணக்கு கிடைமட்டத் தூரம்தான். 30 டிகிரி என்றால் 150 கஜம் 130 ஆகும், சரி, ஆனால் அந்தத் தூரத்தில் ரைஃபிளுக்கு அது ஓர் அங்குலம்கூட மாற்றாது. கோணத்தின்மேல் பழி போட வேண்டாம். சரிவில் உட்கார்ந்தால் உடம்பு வழுக்கும், முழங்கை தாங்காது, பெரும்பாலும் தவறு அங்கேதான். பையை முட்டுக்கொடுத்துச் சுடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது குண்டு எங்கே நுழையும் என்பதைவிட எங்கே வெளியேறும் என்று யோசியுங்கள், மேலே நுழைந்து நெஞ்சின் அடியில் வெளியேற வேண்டும். இரண்டு மணி நேரம் தேடியும் ரத்தமோ முடியோ இல்லையென்றால் பெரும்பாலும் படவில்லை. ஆனாலும் மான் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஓடை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நானாக இருந்தால் நடப்பேன்.

கேட்டவர்:
ஞாயிறு முழுக்க ஓடை வரை இறங்கித் தேடினேன், ஒன்றும் இல்லை, மனம் கொஞ்சம் ஆறியது. இன்று பஞ்சு ஊதிப் பார்த்தேன். ஏழரைக்குத் தாழ்ந்து இறங்கியது, எட்டு இருபதுக்கு அப்படியே நின்றது, பிறகு என் தோளைத் தாண்டி மேலே லாரல் புதருக்குள் போனது. சீறல் கேட்ட அதே புதர்!

பதில் 1:
அந்தப் புதரின் வடக்கு ஓரத்தில் உட்கார். ஒன்று மட்டும், கீழே ஓடைக்கு ஓடி விழும்படி சுடாதே. அந்த ஏற்றத்தில் முழு மானை இழுக்க ஒருவரால் முடியாது. விழுந்த இடத்தைவிட்டு நகர்த்தும் முன் காதில் டேக் (வேட்டை உரிமத்தோடு வரும் சீட்டு) கட்டிவிடு, ஆரஞ்சுத் தொப்பியும் சட்டையும் கழற்றாதே, தூக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போ.