பட்ஸால் ஹெட்டைத் தொடாதீர்கள்

சர்வீஸ்மேசை:
"காது குடையும் பட்ஸில் ஸ்பிரிட்டைத் தொட்டு டேப் கேமராவின் டிரம்மைத் துடைத்தால் போதும், இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்" என்று கல்யாணவீடியோ நேற்று எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. டிரம் என்பது கேமராவுக்குள் சுழலும் உருளை. ஹெட் என்பது அதன் விளிம்பில் துளி நீட்டிக்கொண்டு, டேப்பில் படத்தைப் பதியும் சில்லு. பஞ்சின் ஓர் இழை அதில் மாட்டினாலும் விளிம்பு உடைந்துவிடும். மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட்டின் டேப்பில், படம் பதியும் கோடான ஒரு டிராக்கின் அகலமே 10 மைக்ரான்தான். அங்கே போய் பஞ்சா?

கல்யாணவீடியோ:
மேசைக்கு வருவதெல்லாம் உடைந்த கேமராக்கள். அதனால் உங்களுக்கு எல்லாமே உடையும் என்று தோன்றுகிறது. நான் முகூர்த்தத்தில் நின்றவன். தாலி கட்ட அரை மணி இருக்கும்போது படம் கட்டம் கட்டமாகப் போனால் யாரைத் தேடுவது? என் பிடி 170 கேமராவில் எத்தனையோ முறை பட்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு ஹெட்டும் உடையவில்லை.

டேப்புப்பிரியன்:
அந்த நேரத்தில் கிளீனிங் கேசட்டைப் போட்டால் முடிந்தது. கேமராவை ஏன் திறக்க வேண்டும்?

சர்வீஸ்மேசை:
அதுவும் அளவோடுதான். உலர் கிளீனிங் கேசட் மெல்லிய உப்புத்தாள் மாதிரி. 10 நொடி ஓட்டி நிறுத்துங்கள், ரீவைண்ட் செய்யாதீர்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் இழை விடாத தாளையோ ஷாமாய் என்ற மென்மையான தோலையோ 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மில் ஒட்டினாற்போல் அசையாமல் பிடியுங்கள். டிரம்மைத்தான் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு. பட்ஸ் கூடவே கூடாது.

கல்யாணவீடியோ:
பேனசோனிக் எம் 3000ஐத் தோளில் சுமந்த காலத்திலும் பட்ஸ்தான் வைத்தேன். நன்றாகவே ஓடியது.

சர்வீஸ்மேசை:
அது விஎச்எஸ், பழைய பெரிய கேசட். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் அந்த டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மினிடிவி டிரம் 9000 சுற்று. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவருக்கு என்ன விளக்குவது? விஎச்எஸ்ஸிலும் பஞ்சு தப்புதான்.

கடலோரக்காரன்:
நடுவில் ஒரு விஷயம். எங்கள் பக்கம் உப்புக்காற்று, ஈரம். கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள், டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கும். அதை ஓட்டினால் துடைத்த ஹெட் மறுபடியும் அடைக்கும், பூஞ்சையும் கேமராவுக்குள் பரவும். முதலில் டேப்பைக் கவனியுங்கள்.

கல்யாணவீடியோ:
சர்வீஸ்மேசைக்கு டேப்பெல்லாம் கண்ணில் படாது. மூன்று வருடம் முன்பு எனக்கு விற்ற கேமராவில் டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் வெடித்திருந்தது. அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சர்வீஸ்மேசை:
விற்கும்போது ரோலர் நன்றாக இருந்தது. நீங்கள் ஊற்றிய ஸ்பிரிட்தான் ரப்பரை உலர்த்தி வெடிக்க வைத்தது. அதற்கும் பட்ஸ்தானே வைத்தீர்கள்?

டேப்புப்பிரியன்:
பணத் தகராறை இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த டேப்பை எப்படிச் சுத்தம் செய்வது? என்னிடம் பதினோரு கேசட் இருக்கிறது.

கல்யாணவீடியோ:
ரோலரை நான் துடைக்கவே இல்லை. டிரம்மை மட்டும்தான் துடைத்தேன். பட்ஸால்தான். இனியும் அப்படித்தான்.

சர்வீஸ்மேசை:
டிரம்மைப் பட்ஸால் துடைத்ததாக நீங்களே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். புதுசாக வருகிற பையன்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்வார்கள். புது டிரம் இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது, சொல்லுங்கள்.