பெயிண்ட் அடித்த பிறகு பொருந்தாத பம்பர்: நட்டம் யாருக்கு?

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
என் பழைய ஸ்விஃப்ட் காருக்கு முன் பம்பரும் இடது பெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேல் வரும் பக்கத் தகடு) கோவையில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டும் கம்பெனி சாமான் இல்லை, வெளித் தயாரிப்பு. "ஒரிஜினல் மாதிரியே உட்காரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இங்கே பட்டறையில் பெயிண்ட் அடித்து மாட்டியபோது இடது ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழைகிறது, வலது பக்கம் உரசிக்கொண்டு நிற்கிறது. பெண்டரின் மடிப்புக் கோடு கதவின் கோட்டோடு சேராமல் இறங்கிப் போகிறது. கடையில் கேட்டால், "பெயிண்ட் அடித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறது" என்கிறார்கள். பெயிண்டும் கூலியும் சேர்ந்து சாமான் விலையைத் தாண்டிவிட்டது. குறை அச்சிலேயே இருந்தால் அது பெயிண்டுக்கு முன் தெரிந்தால் என்ன, பின் தெரிந்தால் என்ன? விற்றவர்தான் பொறுப்பு என்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஸ்பேர் கடை (கோவை):
உங்களுக்கு விற்ற கடை என்னுடையது இல்லை. ஆனாலும் கடைக்காரன் பக்கம் ஒருவன் பேச வேண்டும். பெயிண்ட் அடித்த பம்பரை நான் திரும்ப வாங்கினால் அதை யாரிடம் விற்பேன்? தயாரிப்பாளரும் பெயிண்ட் பட்டதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை. மாட்டிப் பார்க்கச் சொல்லித்தான் கருப்பு நிறத்திலேயே கொடுக்கிறோம். பொருந்தவில்லை என்று அப்படியே கொண்டுவந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று, வருகிறவர்களில் பலர் வண்டிப் பெயரும் வருஷமும் மட்டும் சொல்கிறார்கள். ஒரே வருஷத்தில் முன்பக்க வடிவம் மாறுவதற்கு முந்தைய வண்டியும் மாறிய வண்டியும் விற்றிருக்கும், விலை கூடின வகைக்கு பாக் லைட் (பனி விளக்கு) ஓட்டை வேறாக இருக்கும். சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டீர்களா? வகை மாறிப் போனதைத் தயாரிப்புக் குறை என்று சொல்லக் கூடாது.

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
ஆர்சி புத்தகத்தையே காட்டித்தான் வாங்கினேன். பாக் லைட் ஓட்டையும் கிரில்லும் சரியாகவே இருக்கின்றன. வகை மாறவில்லை, பம்பர் கோணியிருக்கிறது. பெண்டரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

டிங்கர் (வாளையார்):
இரண்டு பேர் சொல்வதையும் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்த வண்டி எப்படி அடி வாங்கியது என்று இதுவரை யாருமே கேட்கவில்லை. முன்பக்க மூலையில் அடிபட்ட வண்டியில் பெண்டருக்குப் பின்னால் இருக்கும் ஏப்ரன் தகடு உள்ளே போயிருக்கலாம். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். அதை இழுத்துச் சரிசெய்யாமல் கம்பெனி பம்பர் மாட்டினாலும் இதே இடைவெளிதான் வரும். பம்பரின் ஓரத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட் உடைந்ததோடு மாட்டினாலும் ஒரு பக்கம் தொங்கும்.

அதனால் முதலில் அளக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, ஒரு பக்க பெண்டர் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க லைட் போல்ட் வரை குறுக்காக டேப் பிடியுங்கள், பிறகு மறு பக்கமும் அதே மாதிரி. இரண்டு அளவும் ஒத்து வந்தால் வண்டி நேராக இருக்கிறது, சாமான்தான் கோணல். அளவு மாறினால் வண்டி வளைந்திருக்கிறது, கடைக்காரரைப் பிடிக்க முடியாது. பானெட்டுக்கும் வலது பெண்டருக்கும் நடுவே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்றும் பாருங்கள்.

சாமானிலேயே குறை இருப்பதையும் நிறையப் பார்க்கிறேன். வெளித் தயாரிப்புப் பெண்டரில் கோடு மழுங்கி வரும், போல்ட் ஓட்டை நகர்ந்து வரும், டிங்கர்கள் ஓட்டையை நீள்வட்டமாக அறுத்துச் சமாளிப்பார்கள். பம்பரின் பின்பக்கம் பாருங்கள், நல்ல சாமானில் 'பிபி + இபிடிஎம்' என்று பொறித்திருக்கும். அது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். சிலது ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக், அதிலும் மட்டமானது கிளிப் போடும்போதே மூலையில் கீறும். பைபர் பம்பர் ஒரு தட்டில் தெறித்துவிடும். பிபி பம்பருக்கு பிளாஸ்டிக் ப்ரைமர் போடாமல் நேரே பெயிண்ட் அடித்தால் சில மாதத்தில் தோல் போல உரியும். அது பெயிண்டர் செய்த தப்பு, சாமான் மேல் போடக் கூடாது.

பட்டறைக்காரனாக ஒன்று அழுத்திச் சொல்கிறேன். மாட்டிப் பார்க்காமல் பெயிண்ட் கன்னைக் கையில் எடுக்கும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள். பம்பர், பெண்டர், லைட், கிரில் எல்லாவற்றையும் கருப்பாகவே மாட்டி, பானெட்டை மூடி, சந்து பார்த்து, கழற்றி, அப்புறம்தான் பெயிண்ட். இரட்டை வேலை என்று இதைத் தவிர்க்கிறார்கள். இந்த விஷயத்தில் கடையைவிட உங்கள் பட்டறை மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

குழித்துறைக்காரன்:
அண்ணாச்சி சொன்ன அளவுக் கணக்கு சரிதான். ஆனால் பொருந்துவதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? எங்கள் பக்கம் களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, பூவாறு என்று போனால் கடல் காற்று. வெளித் தயாரிப்பு பானெட் அச்சு அசலாகப் பொருந்தி, ஒரு மழைக்காலம் கழித்து முன் ஓரத்து மடிப்பில் துரு கொப்புளிப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனித் தகட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் பூச்சு ஏற்றுகிறார்கள், மடிப்புக்குள்ளும் அது போய்ச் சேரும். வெளியே வாங்குவதில் பல, கடைக்கு வருகிற வரை துரு பிடிக்காமல் இருக்கக் கருப்புப் பெயிண்ட் தெளித்தவை. உள்ளே வெறும் இரும்பு. பழைய துணியில் தின்னர் நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். கருப்பு துணியில் ஏறினால் அது வெறும் தெளிப்பு. அதை முழுக்கச் சுரண்டிவிட்டு எபாக்சி ப்ரைமர் அடித்து, மடிப்பில் சீலர் போட்டால்தான் நிற்கும். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள், கம்பெனி சாமான் விலைக்கே வந்து நிற்கும். அதனால் நான் இரும்புச் சாமான் எதையும் வெளியே வாங்குவதில்லை.

ஸ்பேர் கடை (கோவை):
கடலோரத்துக்கு அது பொருந்தும். கொழிஞ்சாம்பாறை கிழக்குப் பகுதி, மழையே குறைவு. பத்து வருஷ வண்டிக்குக் கம்பெனி பானெட் போடு என்று சொல்வது அந்த வண்டிக்காரரின் கையிருப்பைப் பார்க்காத பேச்சு. டாக்ஸி ஓட்டுகிறவர், காய்கறி ஏற்றுகிறவர் எல்லாம் நாளைக்கே வண்டி ரோட்டில் நிற்க வேண்டியவர்கள். கம்பெனி சாமான் ஆர்டர் போட்டுக் காத்திருக்கிற நாள் கூலியை யார் தருவது? வெளித் தயாரிப்பு எல்லாமே மோசம் என்பதும் இல்லை. கம்பெனிக்கே லைட் செய்து கொடுக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் வெளிச்சந்தைக்கு விற்கிறார்கள். அதையும் பெயரில்லாத பெட்டியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

புளியரை சர்வேயர்:
காப்பீட்டுப் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். மக்கள் வெளிச்சாமானுக்குப் போக விலை மட்டும் காரணமில்லை. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். 5 முதல் 10 வருஷத்துக்கு 40 சதவீதம், அதற்கு மேல் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. 1500 சிசி வரையான காருக்கு ஒவ்வொரு க்ளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாய் தனி. பம்பர் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,500 உங்கள் கை, மேலே அந்த 1,000. இதுவரை க்ளைம் இல்லாமல் 50 சதவீதம் வரை சேர்த்த பிரீமியச் சலுகையும் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். தேய்மானம் இல்லாத கூடுதல் பாலிசி எடுத்தவருக்கு இந்தக் கணக்கு மாறும், பழைய வண்டிக்கு அது கிடைப்பதே அரிது. ஆகவே சின்ன அடிக்கு க்ளைம் போடாமல் கைக்காசில் வெளிச்சாமான் வாங்குவது கஞ்சத்தனம் இல்லை.

ஆனால் எனக்கும் ஒரு கோடு உண்டு. பம்பர் தோல், கிரில், பெண்டர் வரை வெளியே வாங்குங்கள். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம், பானெட் பூட்டு, ஹெட்லைட், இவற்றில் விலை பார்க்காதீர்கள். அந்தச் சட்டம்தான் மோதலின் முதல் அடியை வாங்கும். மெல்லிய தகட்டில் செய்தது வளைந்து நேரே ரேடியேட்டருக்குள் போகும். பானெட் பூட்டு ஓட்டத்தில் விட்டால் பானெட் கண்ணாடி மேல் வந்து விழும்.

குழித்துறைக்காரன்:
ஹெட்லைட் விஷயத்தில் சர்வேயர் சாரோடு சேர்ந்து நிற்கிறேன். மட்டமான லைட்டில் ரிப்ளக்டர் பூச்சு சீராக இருக்காது, வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போய் அடிக்கும். மேல் கவரில் வெயில் தாங்கும் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் மஞ்சளிக்கும், ஒட்டு சரியில்லாவிட்டால் உள்ளே நீர் கட்டும். ஆரியங்காவு வளைவுகளில் ராத்திரி ஓட்டிப் பாருங்கள், அப்போது புரியும்.

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
டிங்கர் அண்ணா சொன்னபடி வேறொரு பட்டறையில் குறுக்களவு எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் ஒத்து வருகிறது, பிராக்கெட்டும் புதியது. அந்தப் பட்டறையிலேயே நின்ற ஒரு ஸ்விஃப்டின் கம்பெனி பம்பரைக் கழற்றி என் வண்டியில் வைத்துப் பார்த்தார்கள், அப்படியே உட்கார்ந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். இனி என்ன சொல்கிறீர்கள், ஸ்பேர் கடை அண்ணா?

ஸ்பேர் கடை (கோவை):
அப்படியானால் சாமான் குறைதான், மறுக்கவில்லை. சாமான் விலையை அவர்கள் திருப்பித் தர வேண்டும். பெயிண்ட் கூலி மட்டும் அவர்கள் தலையில் விழக் கூடாது. அது உங்கள் பட்டறை மாட்டிப் பார்க்காததால் வந்த செலவு.

புளியரை சர்வேயர்:
சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை அது முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று அச்சடித்த வரி, குறையுள்ள சாமானுக்குக் கவசம் ஆகாது.

உங்களைப் போலத் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு முக்கியமான மாற்றம் இன்னொன்று. 1986-ஆம் வருஷச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் வழக்கு. கோவைக் கடை மேல் வழக்கு என்றால் வாளையார் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். நீங்கள் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடுங்கள். வாங்கிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், பல கடைகள் அங்கேயே இறங்கி வரும். பில் இருக்கிறது அல்லவா?

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
இருக்கிறது. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறோம்" என்றார்கள், நான் கேட்டு வாங்கினேன்.

டிங்கர் (வாளையார்):
நல்லது. பில்லில்லாமல் வாங்கி வந்து என்னிடம் புலம்புகிறவர்கள்தான் அதிகம். கார் சாமானுக்கு 28 சதவீதம் இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பில் இல்லாமல் வாங்கினால் மிஞ்சும் அந்த வரிக்காக உரிமையை விட்டுவிடாதீர்கள்.

பெயிண்ட் கூலி விஷயத்தில் கடைக்கார அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூலியைக் கடைக்கும் பட்டறைக்கும் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பம்பரைத் திரும்பக் கொடுக்கும்போது படமும் அளவும் சேர்த்து எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் கடை (கோவை):
பாதிக்கு நானாக இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். சாமான் விலை, போக்குவரத்துச் செலவு, அவ்வளவுதான்.

பனங்காடு (கொழிஞ்சாம்பாறை):
ஒரிஜினல் மாதிரி உட்காரும் என்று வாய்விட்டுச் சொல்லி விற்றதால்தான் பட்டறையும் நம்பிப் பெயிண்ட் அடித்தது. கூலியில் பாதியாவது கடைதான் தர வேண்டும், அதை விட மாட்டேன். 1915-இல் பதிவு செய்துவிட்டேன். பெண்டரையும் கழற்றி, இரண்டையும் கோவைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். டிங்கர் அண்ணா, நீங்களும் கூட வந்து அந்தக் கடை வாசலிலேயே குறுக்களவைப் பிடித்துக் காட்ட முடியுமா?

டிங்கர் (வாளையார்):
ஞாயிறு பட்டறை லீவு. அன்று கடை திறந்திருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள், டேப்போடு வருகிறேன்.