ஜெபக்குழு கிராம சபைக்குப் போகலாமா?

கேள்வி: மலைப்பாதை

ஏற்காட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையில் வாலிபர் குழுப் பொறுப்பு எனக்கு. 1 தீமோத்தேயு 2:1-2 சொல்கிறபடி ஞாயிறுதோறும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கிறோம். கிராம சபைக்கு மட்டும் எங்கள் ஆட்கள் யாரும் போவதில்லை. "அது அரசியல்" என்கிறார்கள் பெரியவர்கள். கோடையில் குழாய்த் தண்ணீர்தான் எங்கள் தெருவுக்குப் பெரிய பாடு. குழுவாக என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பதில்: நாலு ரோட்டார்

தம்பி, முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்க. அந்த ஊராட்சிப் பட்டியலில் பேர் இருக்கிறவர்தான் கிராம சபை உறுப்பினர். எஸ்டேட் மாறி வந்தவங்க, கல்யாணமாகி வந்தவங்க பேர் பழைய ஊரிலேயே கிடக்கும். மாற்றப் படிவம் 8, புதுப் பேருக்குப் படிவம் 6.

கூட்ட நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் கூட்டம் செல்ல குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும்; 10,000 வரை 200.

மனுவில்தான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. "தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று முடிச்சிடுவாங்க. எந்தத் தெரு, எந்த மேல்நிலைத் தொட்டி, எந்தெந்தத் தேதியில் வரலை, மோட்டார் கோளாறா வால்வு கோளாறா என்று எழுதுங்க. ஒரு மனுவுக்கு ஒரே விஷயம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கோங்க. தீர்மானம் எழுதி வாசிக்கும் முன்னே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. பிறகு தீர்மான நகல் வேணுமென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் மேல்முறையீடு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் இருக்கு, ஆனால் தீர்மான நகலோடு போனால்தான் பேச்சுக்குக் கனம்.

பதில்: அஸ்தம்பட்டி வக்கீல்

எது கூடாது என்பதற்கு: வழிபாட்டிடத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் அது பொது. மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-ஆம் பிரிவு பாயும். கிராம சபைத் தேதியை ஆராதனை முடிவில் அறிவிக்கலாம். படிவம் நிரப்ப உதவலாம். கட்சி, வேட்பாளர் பேர், சின்னம் எதுவும் வாயில் வரக்கூடாது. மனுவையும் சபை லெட்டர்பேடில் எழுதாதீர்கள். தெருவாசிகளாகக் கையெழுத்திடுங்கள், மற்ற மதத்தாரையும் சேர்த்து. தண்ணீர் வராதது அவர்கள் வீட்டிலும்தானே.

பதில்: அம்மாப்பேட்டை பாய்

வக்கீல் சார் சொன்னது சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன்: 11 மணிக் கூட்டம் வெள்ளியில் விழுந்தால் ஜும்ஆ தொழுகை, ஞாயிறில் விழுந்தால் ஆராதனை இடிக்கும். 2026 நவம்பர் 1 ஞாயிறு. ஆராதனையை ஒரு மணி நேரம் முன்னாடி வைக்க முடியுமா என்று போதகரிடம் இப்பவே கேளுங்க. வெள்ளி என்றால் உங்க கோரிக்கையை முதலில் எடுக்கச் சொல்லிக் கேக்கணும். பாதியில் எழுந்து போனால் கூட்டத்தில் ஆள் குறையும், தீர்மானம் தொங்கும்.

பதில்: ஜெபமணி டீச்சர்

பெரியவர்களிடம் எரேமியா 29:7 காட்டுங்கள் தம்பி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லியிருக்கிறது. சொந்த ஊருக்குச் செய்ய மாட்டோமா?

"தலைவர்களை ஆசீர்வதியும்" என்ற ஜெபம் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். குடும்ப ஜெபத்தில் பத்து நிமிடம் இதற்கென வையுங்கள். திங்கள் தண்ணீர் திறந்துவிடுகிறவர், செவ்வாய் தூய்மைப் பணியாளர், புதன் கிராம செவிலியர், வியாழன் ஊராட்சிச் செயலர் என்று வேலையைச் சொல்லி ஜெபியுங்கள். மனு கொடுத்த பிறகு அந்தக் கோப்பு யார் மேசையில் இருக்கிறதோ அவருக்காக. அது யாரென்று தெரிய யாராவது போய் விசாரித்தாக வேண்டும், அந்தப் பொறுப்பை வாரம் ஒருவருக்குக் கொடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு சபைக்குப் பிரசங்கம் பண்ணுகிற ஜெபத்தை மட்டும் தவிருங்கள். "ஆண்டவரே, பணத்தைச் சுருட்டினவர்களை நீர் அறிவீர்" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஊரே யாரைச் சொன்னார் என்றுதான் பேசும். அந்தக் குற்றச்சாட்டு இருந்தால் கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது கேளுங்கள்.